டைப்டெஃப் மோதல்: பல தளங்களுக்கு லைப்ரரி கட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சி, சி++ லைப்ரரி ஒன்றை லினக்ஸில் கட்டி முடித்து, அதையே விண்டோஸிலும் மேக்கிலும் கட்டப் போகும்போது முதலில் முட்டுவது பெரும்பாலும் டைப்டெஃப் (ஒரு டைப்புக்கு வைக்கும் மறுபெயர்) மோதல் என்ற இந்தச் சுவரில்தான். திரும்பத் திரும்ப வரும் சந்தேகங்களை இங்கே தொகுத்திருக்கிறோம். உதாரணத்துக்குப் பெரும்பாலும் ஜேபெக் படங்களைக் கையாளும் லிப்ஜேபெக்கை எடுத்துக்கொண்டிருக்கிறோம். டைப் மோதலின் எல்லா வகையையும் அந்த ஒரு லைப்ரரியிலேயே பார்த்துவிடலாம்.

எழுத்துமுறை பற்றி ஒரு வார்த்தை: வால் இல்லாமல் 'இன்ட்32' என்று எழுதினால் எல்லாம் பெரிய எழுத்தில் வரும் பழைய பெயர். 'இன்ட்32_டி' என்றால் சி தரம் தரும் சின்ன எழுத்துப் பெயர். இரண்டும் வேறு.

டைப்டெஃப் மோதல்னா சரியா என்ன? "கான்ஃப்ளிக்டிங் டைப்ஸ்"னு வர்றதும் "ரீடெஃபனிஷன்"னு வர்றதும் ஒண்ணா?

ஒரே பெயரை இரண்டு ஹெடர்கள் இரண்டு வெவ்வேறு டைப்புக்கு வைத்திருக்கின்றன, இரண்டும் ஒரே சோர்ஸ் கோப்புக்குள் வந்து சேர்ந்துவிட்டன. விஷயம் இவ்வளவுதான். சி மொழியில் நேம்ஸ்பேஸ் கிடையாது. டைப்டெஃப் பெயர், ஃபங்ஷன் பெயர், மாறிப் பெயர் எல்லாம் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

ஜிசிசி, கிளாங், விஷுவல் சி++ என்ற மூன்று கம்பைலர்களில் ஜிசிசி இதை 'கான்ஃப்ளிக்டிங் டைப்ஸ் ஃபார்' என்று சொல்லும். கிளாங் 'டைப்டெஃப் ரீடெஃபனிஷன் வித் டிஃபரென்ட் டைப்ஸ்' என்று சொல்லி, மோதும் இரண்டு டைப்பையும் அடைப்புக்குள் காட்டும். மூன்றில் இதுதான் உருப்படியான செய்தி. விஷுவல் சி++ சி2371 என்ற எண்ணைத் தரும். சி2011 வந்தால் அது வேறு நோய்: ஸ்ட்ரக்டின் முழு உடலும் இரண்டு முறை வந்திருக்கிறது என்று அர்த்தம். அங்கே உள்ளடக்கம் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருந்தாலும் பிழைதான்.

ரெண்டு இடத்துலயும் ஒரே டைப்பைத்தான் எழுதியிருக்கேன். அப்பவும் எர்ரர் வருதே?

சி90, சி99 இரண்டிலும் ஒரே ஸ்கோப்பில் ஒரு டைப்டெஃபை இரண்டாம் முறை எழுதுவதே தவறு, டைப் ஒன்றாகவே இருந்தாலும். சி11 தான் அதை அனுமதித்தது. சி++ ஆரம்பத்திலிருந்தே அனுமதிக்கிறது. ஆகவே உங்கள் கணினியில் சத்தமில்லாமல் போன ஹெடர், '-எஸ்டிடி=சி99' போட்டு பெடான்டிக் எச்சரிக்கைகளைப் பிழையாக மாற்றி வைத்திருப்பவரிடம் உடையும்.

ஸ்ட்ரக்டை முன்கூட்டி அறிவிக்கும்போதுதான் இது அதிகம் நடக்கிறது. 'டைப்டெஃப் ஸ்ட்ரக்ட் ஃபூ ஃபூ;' என்று நான்கு ஹெடரில் எழுதாதீர்கள். டைப்டெஃபை ஒரு ஹெடரில் வைத்துவிட்டு, மற்ற இடங்களில் 'ஸ்ட்ரக்ட் ஃபூ' என்றே எழுதினால் எந்தத் தரத்திலும் சிக்கல் வராது.

இன்ட்டும் லாங்கும் விண்டோஸ்ல 4 பைட் தானே? அப்புறம் எப்படி மோதும்?

அளவு ஒன்றாக இருந்தால் டைப் ஒன்று என்று ஆகாது. கேட்பவர்களில் பாதிப் பேரின் குழப்பம் இதுதான். இன்ட், லாங் இரண்டும் எல்லாத் தளத்திலும் தனித்தனி டைப்புகள், பைட் எண்ணிக்கை என்னவாக இருந்தாலும். லிப்ஜேபெக்கின் ஜேமோர்சிஎஃப்ஜி.எச் ஹெடர் இன்ட்32 என்பதை லாங் என்கிறது. விண்டோஸின் பேஸ்டிஎஸ்டி.எச் ஹெடர் அதே இன்ட்32-ஐ சைன்டு இன்ட் என்கிறது. இரண்டும் 4 பைட். ஆனாலும் சி2371.

இதே கதை வேறு இடங்களிலும் உண்டு. ஜாவாவையும் சி-யையும் இணைக்கும் ஜேஎன்ஐ ஹெடரில் ஜேஇன்ட் என்பது விண்டோஸில் லாங், லினக்ஸில் இன்ட். அதனால் ஜேஇன்ட் பாயின்டர் கேட்கும் இடத்தில் இன்ட் பாயின்டரைக் கொடுத்தால் லினக்ஸ் ஏற்கும், விண்டோஸ் மறுக்கும். ஆர்ம் மைக்ரோகன்ட்ரோலருக்கான நியூலிப் என்ற சி லைப்ரரியில் இன்ட்32_டி என்பதே லாங் தான். அங்கே 'டைப்டெஃப் இன்ட் இன்ட்32_டி' என்று நீங்களே எழுதியிருந்தால் மோதும்.

கேர் என்பதில் இன்னொரு குழி. கேர், சைன்டு கேர், அன்சைன்டு கேர் மூன்றும் மூன்று டைப்புகள். விஷுவல் ஸ்டூடியோ 2010-க்கு முன் எஸ்டிடிஇன்ட்.எச் ஹெடர் அதில் கிடையாது. அதனால் அக்கால லைப்ரரிகள் பலவும் 'டைப்டெஃப் கேர் இன்ட்8_டி' என்று சொந்தமாக எழுதிக்கொண்டன. 2010 பதிப்பு அதையே சைன்டு கேர் என்று தர ஆரம்பித்ததும் மோதல் தொடங்கியது. மைக்ரோசாஃப்டின் __இன்ட்8 என்ற பெயரும் வெறும் கேருக்கு மறுபெயர்தான் என்பதால், அதை வைத்து எழுதியவர்களும் தப்பவில்லை.

எந்தத் தளத்துல எது எத்தனை பைட்? சுருக்கமா சொல்லுங்க.

இன்றைய மேசைக் கணினிகளில் இன்ட் எங்கும் 4 பைட், லாங் லாங் எங்கும் 8 பைட். லாங் மட்டும்தான் ஊசலாடுகிறது. 64 பிட் லினக்ஸிலும் மேக்கிலும் அது 8 பைட், இந்த ஏற்பாட்டை எல்பி64 என்பார்கள். 64 பிட் விண்டோஸில் 4 பைட், அது எல்எல்பி64. 32 பிட் தளங்கள் எல்லாவற்றிலும் 4 பைட். டபிள்யூகேர்_டி விண்டோஸில் 2 பைட், லினக்ஸிலும் மேக்கிலும் 4.

வெறும் கேர் குறியுள்ளதா இல்லையா என்பதும் மாறும். எக்ஸ்86-ல் குறி உண்டு, ஆர்ம் லினக்ஸில் இல்லை, ஆப்பிளின் ஆர்ம் கணினிகளில் உண்டு. இது மோதலாக வெளியே தெரியாது. -1 உடன் ஒப்பிடும் இடத்தில் முடிவில்லாத லூப்பாகத் தெரியும்.

மோதும் ரெண்டாவது டைப்டெஃப் எங்கிருந்து வருதுன்னே தெரியல. எப்படிப் பிடிக்கிறது?

ஜிசிசி, கிளாங் இரண்டும் பழைய அறிவிப்பு எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று 'நோட்' வரியில் சொல்லும். முதலில் அதைப் படியுங்கள். பலர் சிவப்பு வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். அந்த ஹெடரை யார் உள்ளே இழுத்தார்கள் என்று பார்க்க, பெரிய எழுத்து '-எச்' ஃப்ளாகைக் கொடுங்கள். எந்த ஹெடருக்குள்ளிருந்து எந்த ஹெடர் வந்தது என்பது புள்ளிகள் வைத்த மரமாக வரும். விஷுவல் சி++-ல் அதே வேலைக்கு '/ஷோஇன்க்ளூட்ஸ்'.

அதிலும் பிடிபடவில்லை என்றால் ப்ரீப்ராசஸர் வெளியீட்டை எடுங்கள். ஜிசிசி-க்கு பெரிய எழுத்து '-இ', விஷுவல் சி++-க்கு பெரிய எழுத்து '/பி'. அதில் மோதும் பெயரைத் தேடி, அதற்கு மேலே அருகில் உள்ள '#' வரியைப் பாருங்கள். கோப்பின் பெயரும் வரி எண்ணும் அங்கே இருக்கும். நீங்கள் தேடும் பெயரே அந்த வெளியீட்டில் காணவில்லை என்றால் அது டைப்டெஃப் அல்ல, மேக்ரோ. ப்ரீப்ராசஸர் அதை விழுங்கிவிட்டது. அப்போது '-இ' உடன் '-டிடி' சேர்த்தால் (இரண்டாவது டி பெரிய எழுத்து) மேக்ரோக்களும் வெளியீட்டில் நிற்கும்.

#இஃப்டெஃப் போட்டு, டைப் ஏற்கெனவே இருந்தா விட்டுடலாமே?

முடியாது. ப்ரீப்ராசஸருக்கு டைப்டெஃப் என்றால் என்னவென்றே தெரியாது. அது மேக்ரோக்களை மட்டும் பார்க்கும். சைஸ்ஆஃப் கூட அதற்குப் புரியாது. '#இஃப்என்டெஃப் இன்ட்32' என்று எழுதினால் அந்த நிபந்தனை எப்போதும் உண்மையாகவே இருக்கும்.

அதனால்தான் லைப்ரரிகள் டைப்பைச் சோதிக்காமல், அதைத் தரும் ஹெடரின் காவல் மேக்ரோவை (ஒரு ஹெடர் இரண்டு முறை உள்ளே வராமல் தடுக்க அது தானே வரையறுக்கும் பெயர்) சோதிக்கின்றன. இசட்லிப், மேக்கின் __மேக்டைப்ஸ்__ வரையறுக்கப்பட்டிருந்தால் தன் பைட் டைப்டெஃபை விட்டுவிடுகிறது. லிப்ஜேபெக்கின் கதை இன்னும் நீளம். இன்ட்32-க்கு முதலில் எக்ஸ்11-இன் எக்ஸ்எம்டி.எச் காவல் ஒன்று இருந்தது. பிறகு மைக்ரோசாஃப்டின் பேஸ்டிஎஸ்டி.எச் ஹெடருக்கு ஒன்று, மின்ஜிடபிள்யூவில் அந்தக் காவல் பெயரின் கடைசி அடிக்கோடு இல்லாததால் அதற்கென்று தனியாக ஒன்று, க்யூடியின் க்யூகுளோபல்.எச் ஹெடருக்கு ஒன்று. ஒரு வரி டைப்டெஃபைச் சுற்றி நான்கு '#இஃப்என்டெஃப்'. பொதுப் பெயர் ஒன்றைத் தேர்ந்தெடுத்ததற்கு இத்தனை வருடமாகக் கட்டும் வட்டி அது.

இந்த வழி வரிசையையும் நம்பியிருக்கிறது. மற்ற ஹெடர் முன்னால் வந்தால்தான் காவல் தெரியும், பின்னால் வந்தால் மோதல் மோதல்தான். எஸ்டிடிஇன்ட் டைப்புகளுக்கு மட்டும் ஒரு நல்ல குறுக்குவழி உண்டு: இன்ட்32_டி இருந்தால் மட்டுமே இன்ட்32_மேக்ஸ் மேக்ரோ இருக்கும் என்று தரமே சொல்கிறது. அந்த மேக்ரோவைச் சோதிக்கலாம், எஸ்டிடிஇன்ட்.எச் ஹெடரை முன்னால் சேர்த்திருந்தால்.

எர்ரர் எதுவும் இல்லாம கட்டி முடிஞ்சது. ஓட்டினா "ஜேபெக் பாராமீட்டர் ஸ்ட்ரக்ட் மிஸ்மேட்ச்"னு சொல்லி நிக்குது. ஏன்?

கம்பைலர் கத்தும் மோதல் நல்ல மோதல். கத்தாமல் போவதுதான் ஆபத்து, இது அந்த வகை. லிப்ஜேபெக்கில் பூலியன் என்பது வழக்கமாக இன்ட், 4 பைட். விண்டோஸின் ஆர்பிசிஎன்டிஆர்.எச் ஹெடரில் பூலியன் என்பது அன்சைன்டு கேர், 1 பைட். லிப்ஜேபெக்கின் டீகம்ப்ரஸ் ஸ்ட்ரக்டுக்குள் பூலியன் புலங்கள் நிறைய. லைப்ரரி ஒரு அளவோடும் உங்கள் நிரல் இன்னொரு அளவோடும் கட்டப்பட்டால், ஸ்ட்ரக்டின் மொத்த நீளமும் உள்ளே ஒவ்வொரு புலத்தின் இடமும் இருவருக்கும் வேறுவேறு.

இரண்டு டைப்டெஃபும் ஒரே கோப்பில் சந்திக்காததால் கம்பைலர் பிழை வரவில்லை. லைப்ரரி விண்டோஸ்.எச் இல்லாமல் கட்டப்பட்டிருக்கும். உங்கள் கோப்பில் விண்டோஸ்.எச் முன்னால் வந்து, அது ஓஎல்இ ஹெடர்கள் வழியாக ஆர்பிசிஎன்டிஆர்.எச் ஹெடரை இழுத்திருக்கும். மோதலைத் தவிர்க்க யாரோ ஹேவ்_பூலியன் என்ற மேக்ரோவை வரையறுத்து, லிப்ஜேபெக்கின் டைப்டெஃபை வாயடைத்திருப்பார்கள். பிழை போய்விட்டது, நோய் உள்ளே போய்விட்டது.

தீர்வு: லைப்ரரி கட்டப்பட்டபோது இருந்த ஜேகான்ஃபிக்.எச் (லிப்ஜேபெக்கின் தள அமைப்பு ஹெடர்) எதுவோ அதையேதான் உங்கள் நிரலும் சேர்க்க வேண்டும். விஷுவல் சி++-க்காக லிப்ஜேபெக்குடன் வரும் ஜேகான்ஃபிக் வார்ப்பு, பூலியனை இருபக்கமும் அன்சைன்டு கேர் ஆக்கிவிடுகிறது. ஒரு கணினியில் கட்டிய பைனரியோடு இன்னொரு தொகுப்பின் ஹெடரை இணைப்பதுதான் பெரும்பாலும் கோளாறின் மூலம். இன்க்ளூட் பாதைகளில் பழைய ஜேகான்ஃபிக்.எச் ஏதும் ஒளிந்திருக்கிறதா என்று '/ஷோஇன்க்ளூட்ஸ்' வைத்துப் பாருங்கள்.

ஒன்று கவனித்தீர்களா? இங்கே செய்தியாவது வந்தது. ஜேபெக்_கிரியேட்_டீகம்ப்ரஸ் உண்மையில் ஒரு மேக்ரோ. அழைப்பவரின் பதிப்பு எண்ணையும் ஸ்ட்ரக்டின் சைஸ்ஆஃபையும் சேர்த்தே லைப்ரரிக்கு அனுப்புகிறது, லைப்ரரி தன் அளவோடு ஒப்பிடுகிறது. அது இல்லையென்றால் நினைவகம் சிதைந்து எங்கோ தொலைவில் நிரல் விழுந்திருக்கும். உங்கள் லைப்ரரி ஸ்ட்ரக்டை வெளியே காட்டுகிறது என்றால் இந்தத் தந்திரத்தைத் தயங்காமல் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தவங்க ஹெடரைத் திருத்தாம மோதலை எப்படித் தீர்க்கிறது?

முதல் வழி, சந்திக்கவே விடாமல் இருப்பது. விண்டோஸ்.எச் சேர்ப்பதற்கு முன் வின்32_லீன்_அண்ட்_மீன் வரையறுத்தால் ஓஎல்இ, ஆர்பிசி, கிரிப்டோ ஹெடர்கள் உள்ளே வராது. மோதல்களில் கணிசமானவை இதிலேயே மறையும். வின்சாக்2.எச் ஹெடரை விண்டோஸ்.எச் ஹெடருக்கு முன்னால் சேருங்கள். இல்லையென்றால் பழைய வின்சாக்.எச் உள்ளே வந்து, சாக்அட்ர் ஸ்ட்ரக்ட் இரண்டு முறை வந்து சி2011 மழை பொழியும்.

இரண்டாவது வழி, பெயரைத் தற்காலிகமாக மாற்றுவது. விண்டோஸ்.எச் ஹெடரை முதலில் சேர்த்துவிடுங்கள். பிறகு '#டிஃபைன் இன்ட்32 ஜேபெக்_இன்ட்32' எழுதி, ஜேபெக்லிப்.எச் ஹெடரைச் சேர்த்து, உடனே '#அன்டெஃப் இன்ட்32'. இந்த வரிசை முக்கியம். விண்டோஸ்.எச் அந்த இடைவெளிக்குள் முதன்முறையாக வந்தால் அதன் இன்ட்32-உம் பெயர் மாறிப் போகும். பேஸ்டிஎஸ்டி.எச் காவலைப் பார்த்து ஒதுங்கிக்கொள்ளும் பதிப்பு உங்களிடம் இருந்தால் இதற்குத் தேவையே இல்லை. டைப்டெஃப் பெயர் சி-யிலும் சரி, சி++-லும் சரி, லிங்கர் பார்க்கும் பெயரில் சேராது என்பதால் லிங்க் உடையாது. ஆனால் ஸ்ட்ரக்ட், கிளாஸ் பெயர்களை இப்படி மாற்றினால் சி++-ல் உடையும். அவை லிங்கர் பெயருக்குள் நேராக இடம்பெறுகின்றன.

மூன்றாவது வழிதான் நாங்கள் பரிந்துரைப்பது. மோதும் லைப்ரரியைத் தொடும் கோட் எல்லாவற்றையும் ஒரே .சி கோப்பில் அடைத்து, வெளியே உங்கள் சொந்த ஹெடரை மட்டும் காட்டுங்கள். அந்த ஹெடரில் ஜேபெக்லிப்.எச் சேரவே கூடாது. கட்ட அரை நாள் ஆகும். அதற்குப் பிறகு இன்க்ளூட் வரிசை பற்றிய கவலை கிடையாது.

சி++ல ஒரு நேம்ஸ்பேஸ் திறந்து அதுக்குள்ள #இன்க்ளூட் போட்டா?

வேண்டாம். அந்த ஹெடர் உள்ளுக்குள் எஸ்டிடிஐஓ.எச் போன்றவற்றைச் சேர்த்தால் அவையும் உங்கள் நேம்ஸ்பேஸுக்குள் விழுந்துவிடும். பிறகு காவல் மேக்ரோ காரணமாக வெளியே அவை வரவே வராது. முந்தைய பதிலின் மூன்றாவது வழி இதைவிட மலிவு.

பூல் எத்தனை வகைதான் இருக்கு?

விண்டோஸில் பெரிய எழுத்துப் பூல் என்பது இன்ட், 4 பைட். ஆப்ஜெக்டிவ்-சி-யிலும் அதே பெயர் உண்டு. இன்டெல் மேக்குகளில் அது சைன்டு கேர், ஆப்பிள் சிலிக்கான் மேக்குகளிலும் 64 பிட் ஐஃபோன்களிலும் உண்மையான சின்ன எழுத்து பூல். எக்ஸ்11-ல் முதலெழுத்து மட்டும் பெரியதாக ஒன்று, அது இன்ட் என்று விரியும் மேக்ரோவாகவே நெடுங்காலம் இருந்துவந்தது. எக்ஸ்லிப்.எச் அதோடு நன், ஸ்டேட்டஸ் என்ற பெயர்களையும் மேக்ரோவாக்கிவிடுவதால், அதை எல்லா ஹெடருக்கும் கடைசியில் சேர்ப்பதே வழக்கம்.

சமீபத்திய தலைவலி சி23. அதில் பூல், ட்ரூ, ஃபால்ஸ் மூன்றும் மொழியின் சொற்களாகிவிட்டன. 2025-இல் வந்த ஜிசிசி 15 இந்தத் தரத்தையே இயல்பாக எடுத்துக்கொள்கிறது. 'டைப்டெஃப் இன்ட் பூல்;' என்று எழுதிய பழைய கோட், ஒரு எழுத்தும் மாறாமலேயே அன்று முதல் உடைந்தது. அவசரத்துக்கு '-எஸ்டிடி=ஜிஎன்யூ17' போடலாம். நிரந்தரமாகத் தீர்க்க அந்த வரியை எடுத்துவிட்டு எஸ்டிடிபூல்.எச் சேருங்கள். ஆனால் அந்தப் பூல் வெளியே காட்டும் ஸ்ட்ரக்டில் இருந்தால் 4 பைட் 1 பைட்டாகச் சுருங்கும், மேலே சொன்ன ஸ்ட்ரக்ட் மிஸ்மேட்ச் கதை உங்கள் லைப்ரரியிலேயே நடக்கும். அங்கே மட்டும் இன்ட் என்று வெளிப்படையாக எழுதுங்கள்.

எஸ்எஸ்சைஸ்_டி விஷுவல் சி++ல இல்லையே, நானே டைப்டெஃப் பண்ணிக்கலாமா?

.சி கோப்புக்குள் தாராளமாக. வெளியே போகும் ஹெடரில் கூடாது. நீங்கள் பேஸ்டிஎஸ்டி.எச் தரும் எஸ்எஸ்சைஸ்_டி-யை (முழுக்கப் பெரிய எழுத்து) வைத்து எழுதுவீர்கள், 32 பிட் விண்டோஸில் அது லாங். பக்கத்து லைப்ரரி அதையே இன்ட் என்று எழுதியிருக்கும். இரண்டையும் பயன்படுத்தும் மூன்றாமவர் நடுவில் மாட்டிக்கொள்வார், அவரால் இரண்டையும் திருத்த முடியாது.

பெரிய லைப்ரரிகள் எப்படிச் செய்கின்றன என்று பாருங்கள். பைத்தான் பிஒய்_எஸ்எஸ்சைஸ்_டி என்கிறது, கர்ல் கர்ல்_ஆஃப்_டி, எஸ்க்யூலைட் எஸ்க்யூலைட்3_இன்ட்64, இசட்லிப் இசட்_ஆஃப்_டி. எல்லாவற்றிலும் லைப்ரரியின் பெயர் முன்னால் ஒட்டியிருக்கிறது. நீங்களும் அப்படியே செய்யுங்கள். '_டி' என்று முடியும் பெயர்களை யூனிக்ஸ் வகைத் தளங்களுக்கான போசிக்ஸ் தரம் தனக்கென ஒதுக்கி வைத்திருக்கிறது. முன்னொட்டு இருந்தால் நடைமுறையில் ஆபத்து இல்லை, முன்னொட்டு இல்லாமல் அந்த வாலைப் பயன்படுத்தாதீர்கள். 'யூலாங்' போன்ற குட்டிப் பெயர்களும் வேண்டாம், லினக்ஸின் சி லைப்ரரியான ஜிலிப்சி-யின் சிஸ்/டைப்ஸ்.எச் அதை ஏற்கெனவே எடுத்துக்கொண்டது.

புதுசா லைப்ரரி எழுதறேன். பொது ஹெடர்ல எந்த டைப்புகளைப் பயன்படுத்தலாம்?

அளவு முக்கியமான இடத்தில் இன்ட்32_டி, யூஇன்ட்64_டி போன்றவை. நினைவக அளவுக்கு சைஸ்_டி. சாதாரண எண்ணுக்கும் ஆம்-இல்லை மதிப்புக்கும் இன்ட். லாங், டபிள்யூகேர்_டி, ஆஃப்_டி, டைம்_டி, வெறும் ஈனம் (பெயர் வைத்த எண் மதிப்புகளின் பட்டியலாக வரும் டைப்) ஆகியவை ஸ்ட்ரக்டுக்குள் வேண்டாம். ஈனத்தின் அளவு கூட மாறும்: ஆர்ம் மைக்ரோகன்ட்ரோலர் கம்பைலர்கள் மதிப்புகள் அடங்கினால் ஈனத்தை 1 பைட்டாகச் சுருக்கிவிடும். கடைசியில் 0எக்ஸ்7எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப்எஃப் மதிப்புள்ள உறுப்பு ஒன்றைச் சேர்த்து 4 பைட்டாக நிறுத்தி வைப்பது பழைய, வேலை செய்யும் வழக்கம்.

ஸ்ட்ரக்டை வெளியே காட்டாமலே இருக்க முடிந்தால் இன்னும் நல்லது: 'டைப்டெஃப் ஸ்ட்ரக்ட் மைலிப்_சிடிஎக்ஸ் மைலிப்_சிடிஎக்ஸ்;' என்று மட்டும் சொல்லி, பாயின்டர் வழியாகவே புழங்க விடலாம். காட்டித்தான் ஆக வேண்டுமென்றால் சி11-இன் _ஸ்டாட்டிக்_அசர்ட் வைத்து சைஸ்ஆஃப், ஆஃப்செட்ஆஃப் இரண்டையும் ஹெடரிலேயே உறுதிசெய்யுங்கள். பழைய கம்பைலருக்கும் வேண்டுமா? அளவு பொருந்தாவிட்டால் -1 நீள அணியாக மாறும் டைப்டெஃப் ஒன்று அதே வேலையைச் செய்யும்.

ஒரே ஹெடர், ஒரே கம்பைலர், ஒரே கணினி. ஆனாலும் டைப் அளவு மாறுமா?

மாறும். 32 பிட் லினக்ஸில் ஆஃப்_டி வழக்கமாக 4 பைட். _ஃபைல்_ஆஃப்செட்_பிட்ஸ்=64 என்று வரையறுத்தால் 8. ஜிலிப்சி 2.34-இலிருந்து, அதோடு _டைம்_பிட்ஸ்=64 சேர்த்தால் டைம்_டி-யும் 8 ஆகிவிடும், 2038-இல் 32 பிட் நேர எண் நிரம்பிவிடும் சிக்கலுக்காக. லைப்ரரியை அந்த மேக்ரோக்களோடும் நிரலை அவை இல்லாமலும் கட்டினால், ஹெடர் ஒன்றே என்றாலும் அளவுகள் வேறு. விண்டோஸில் டைம்_டி விஷுவல் ஸ்டூடியோ 2005 முதல் 8 பைட், ஆஃப்_டி இன்றும் 4.

கோப்பின் இடத்தைக் குறிக்க இன்ட்64_டி எழுதிவிட்டு, ஆஃப்_டி-யாக மாற்றுவதை .சி கோப்புக்குள் செய்துகொள்ளுங்கள்.

லினக்ஸ்ல சரியாப் போன சி++ கோட், மேக்ல "கால் ஈஸ் ஆம்பிகுவஸ்"னு சொல்லுது. டைப்டெஃப் மோதலா?

அதன் உறவுக்காரன். ஒரு ஃபங்ஷனை யூஇன்ட்32_டி-க்கும் யூஇன்ட்64_டி-க்கும் ஓவர்லோடு செய்து, சைஸ்_டி கொடுத்து அழைத்திருப்பீர்கள். 64 பிட் லினக்ஸில் சைஸ்_டி, யூஇன்ட்64_டி இரண்டும் அன்சைன்டு லாங், நேராகப் பொருந்திவிடும். மேக்கில் சைஸ்_டி அன்சைன்டு லாங், யூஇன்ட்64_டி அன்சைன்டு லாங் லாங். எதுவும் நேராகப் பொருந்தாததால் கம்பைலர் கைவிரிக்கிறது. லாங்குக்கு மூன்றாவது ஓவர்லோடு எழுதினால் மேக்கில் சரியாகும், லினக்ஸில் யூஇன்ட்64_டி-யோடு மோதும். அன்சைன்டு இன்ட், அன்சைன்டு லாங், அன்சைன்டு லாங் லாங் என்று அடிப்படை டைப்புகளுக்கே மூன்று ஓவர்லோடு எழுதுங்கள், அல்லது டெம்ப்ளேட் ஆக்கிவிடுங்கள்.

இதே காரணத்தால்தான் பிரின்ட்எஃப்-ல் '%எல்டி' ஒரு தளத்தில் எச்சரிக்கை தராமலும் மறுதளத்தில் தந்தும் போகிறது. இன்ட்டைப்ஸ்.எச் தரும் பிஆர்ஐடி64 மேக்ரோ இரண்டிலும் சரியாக விரியும். விஷுவல் சி++-ல் அந்த ஹெடர் 2013 பதிப்பிலிருந்து உண்டு.

சி++17க்கு மாறினதும் விண்டோஸ்ல "பைட்" மோதுது.

ஆர்பிசிஎன்டிஆர்.எச் ஹெடரில் சின்ன எழுத்து பைட் என்ற டைப்டெஃப் பல காலமாக உண்டு. சி++17 எஸ்டிடி::பைட் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. 'யூசிங் நேம்ஸ்பேஸ் எஸ்டிடி' எழுதிய ஹெடர் எங்கோ இருந்தால் இரண்டும் ஒரே இடத்துக்கு வந்து சி2872. அந்த வரியை ஹெடரிலிருந்து நீக்குவதே சரி. அது உடனே முடியாதென்றால் வின்32_லீன்_அண்ட்_மீன் பல இடங்களில் காப்பாற்றும்.

டைப் இருக்கா, எத்தனை பைட்னு கட்டும்போதே பார்க்க என்ன வழி? கிராஸ் கம்பைல் பண்ணும்போதும் வேலை செய்யணும்.

சிமேக்கில் செக்_டைப்_சைஸ், ஆட்டோகான்ஃபில் ஏசி_செக்_டைப்ஸ், ஏசி_செக்_சைஸ்ஆஃப். கிராஸ் கம்பைலில், அதாவது ஒரு தளத்தில் இருந்து இன்னொரு தளத்துக்குக் கட்டும்போது, மூன்றும் சோதனை நிரலை ஓட்டிப் பார்க்காமலே விடை கண்டுபிடிக்கும், அதனால் தடையில்லை. சொந்தமாக ஒரு நிரல் எழுதி ஓட்டிப் பார்க்கும் சோதனைகள்தான் அங்கே விழும்.

மேக்கில் இரண்டு சிபியூ வகைக்கும் சேர்த்து ஒரே பைனரி கட்டுபவர்கள் கவனிக்க: கான்ஃபிக்.எச் ஒன்றில் 'சைஸ்ஆஃப்_லாங் = 8' என்று பதித்துவிட்டால் அது எல்லா வகைக்கும் பொதுவாகிவிடும். அளவு வகைக்கு வகை மாறினால் செக்_டைப்_சைஸ் 0 என்று தந்து, '#இஃப்' நிபந்தனைகளோடு கூடிய கோட் துண்டை வேறொரு மாறியில் வைக்கிறது. அதைத்தான் ஹெடரில் இட வேண்டும். கான்ஃபிக்.எச் ஹெடரை எக்காரணம் கொண்டும் இன்ஸ்டால் செய்யாதீர்கள். அதிலுள்ள பொதுப் பெயர் மேக்ரோக்கள் அடுத்தவரின் கான்ஃபிக்.எச் ஹெடரோடு மோதும்.

எல்லாம் கம்பைல் ஆச்சு, லிங்க்கும் ஆச்சு. இனி மோதல் இல்லைன்னு நம்பலாமா?

நம்ப முடியாது. சி லிங்கர் பெயரை மட்டும் பார்க்கும், டைப்பைப் பார்க்காது. சி++-ல் ஃபங்ஷனின் அளபுருக்கள் பெயருக்குள் சேர்வதால் லாங், லாங் லாங் குழப்பம் லிங்க் பிழையாகவாவது வரும், ஆனால் ஸ்ட்ரக்டின் உள்ளமைப்பு அதில் சேராது.

ஜிசிசி-யில் ஒருமுறை '-எஃப்எல்டிஓ' (லிங்க் நேரத்தில் எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் பார்க்கும் ஃப்ளாக்) போட்டு, லைப்ரரியையும் நிரலையும் சேர்த்துக் கட்டிப் பாருங்கள். கோப்புகளுக்கு இடையே ஒரே பெயருக்கு டைப் மாறியிருந்தால் 'எல்டிஓ-டைப்-மிஸ்மேட்ச்', 'ஓடிஆர்' என்ற எச்சரிக்கைகள் வரும். டீபக் தகவலோடு கட்டிய பைனரியை பாஹோல் கருவியிடம் கொடுத்தால் ஒவ்வொரு ஸ்ட்ரக்டின் புலங்களையும் அவற்றின் இடங்களையும் அச்சிடும். லைப்ரரிக்கும் நிரலுக்கும் தனித்தனியாக எடுத்து டிஃப் போடுங்கள். இரண்டு பதிப்புகளை ஒப்பிட ஏபிஐடிஃப். ஆர்ம் லிங்கர் 'வேரியபிள்-சைஸ் ஈனம்ஸ்' என்று எச்சரித்தால் அதைக் கடந்து போகாதீர்கள். இரண்டு ஆப்ஜெக்ட் கோப்புகள் ஈன அளவில் ஒத்துப்போகாமல் கட்டப்பட்டிருக்கின்றன, இரண்டில் ஒன்றை '-எஃப்னோ-ஷார்ட்-ஈனம்ஸ்' சேர்த்து மறுபடி கட்ட வேண்டும்.